சேகரிப்புக் கார்டுகளுக்கு ஸ்கேனர் தேர்ந்தெடுத்ததும் செட் செய்ததும்

டிரேடிங் கார்டு சேர்ப்பவர்கள் ஸ்கேனர் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் டிபிஐ எண், அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளைப் பதியும் என்ற கணக்கு. 2400, 4800, 6400 என்று ஏறிக்கொண்டே போகும். என் சேகரிப்பைத் தெளிவான படங்களாக ஆக்கிவைக்க இறங்கியபோது அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினேன். ஸ்கேன் ஆகும் நேரத்தில் கார்டின் முகம் கண்ணாடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் மேலே இருக்கும்? கார்டுக்கு ஸ்கேனர் தேடும் வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

என்னிடம் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி கார்டுகள் அல்ல. பெரும்பாலானவை சாதாரண விளையாட்டுக் கார்டுகள். 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம், சுமார் 0.3 மி.மீ. தடிமன். இவை கண்ணாடியில் அப்படியே படிந்துவிடும். பளபளக்கும் உலோகப் படலம் ஒட்டிய ஃபாயில் கார்டுகள் படியாது. ஃபாயில் அடுக்கு ஈரத்தை வாங்காது, அதன் பின்னால் இருக்கும் காகிதம் வாங்கும். அதனால் காற்றின் ஈரப்பதம் மாறும்போதெல்லாம் கார்டு வளையும். வளைந்த கார்டைக் கவிழ்த்து வைத்தால் நடுவோ ஓரமோ கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கும். அப்புறம் துணித்துண்டு பதித்த தடித்த கார்டுகள். கார்டு உலகில் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கான ‘பாயின்ட்’ கணக்கில் சொல்வார்கள். 130 பாயின்ட் கார்டு என்றால் 3.3 மி.மீ. அதில் துணி இருப்பது வெட்டிய சாளரத்துக்கு உள்ளே, முகப்பைவிடப் பள்ளத்தில். கடைசியாக, தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரப்படும் ஸ்லாப்கள். இவற்றைத் திறக்கவே கூடாது. பெட்டியின் சுவரும் சுற்று விளிம்பும் சேர்ந்து கார்டைக் கண்ணாடியிலிருந்து 2 மி.மீ.க்கு மேல் தூக்கிவிடும்.

இந்த நாலு வகையையும் ஒரே இயந்திரம் சமாளிக்க வேண்டும். அதுதான் தேவை.

சிஐஎஸ், சிசிடி

கண்ணாடியில் கவிழ்த்து வைத்து எடுக்கும் பிளாட்பெட் ஸ்கேனர்கள், ஒளியைப் பதியும் சென்சாரைப் பொறுத்து இரண்டு வகை. சிஐஎஸ் வகையில், கண்ணாடிக்கு நேர் கீழே, பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஒரு சென்சார் பட்டை நகர்ந்து போகும். அதன் மேல் மிக நுண்ணிய உருளை லென்சுகள் வரிசையாக அடுக்கியிருக்கும். அவை கார்டின் பிம்பத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் சென்சார் மேல் விழவைக்கும். தூரம் மிகக் குறைவு. அதனால்தான் ஸ்கேனர் மெல்லியதாக, யுஎஸ்பி வயரில் வரும் மின்சாரத்திலேயே ஓடக்கூடியதாக இருக்கிறது. ஆனால் அந்த லென்சுகளுக்கு ஃபோகஸ் ஆழம் கிடையாது என்றே சொல்லலாம். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் கூர்மையாக விழும்.

சிசிடி வகை வேறு மாதிரி. கார்டின் பிம்பம் இரண்டு மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரும்பி நீண்ட தூரம் பயணம் செய்து, கேமராவில் இருப்பது போன்ற ஒரு லென்ஸ் வழியாகச் சுருங்கி, சில சென்டிமீட்டர் நீளமே உள்ள சென்சாரில் விழும். பாதை நீளம் என்பதால் ஃபோகஸ் ஆழமும் கூடுதல். பெட்டி தடிமனாக இருக்கும், தனி அடாப்டர் வேண்டும். கார்டு கொஞ்சம் எழும்பி நின்றாலும் படம் கலங்காது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது சுலபம். யாரிடமாவது ஸ்கேனரை வாங்கிப் பார்க்க முடிந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 150 மி.மீ. நீளத்துக்கு மில்லிமீட்டர் கோடு போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று போதும். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், அதன் பளபளப்பில் கோடுகள் தொலைந்துபோகும். ஸ்கேலைக் கவிழ்த்து, சுழியம் இருக்கும் முனை கண்ணாடியைத் தொடும்படி வையுங்கள். மறுமுனையின் கீழே 10 மி.மீ. உயரத்துக்கு எதையாவது அண்டைக் கொடுங்கள். சென்சார் நகரும் திசையிலேயே ஸ்கேல் நீட்டாகக் கிடக்க வேண்டும். மூடியை மூட முடியாது, அதனால் மேலே கறுப்புத் துணியைப் போர்த்தி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். இப்போது ஸ்கேலில் ஒவ்வொரு 15 மி.மீ.க்கும் உயரம் 1 மி.மீ. கூடுகிறது. படத்தில் எந்த இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றனவோ அதை 15ஆல் வகுத்தால் அந்த ஸ்கேனர் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை தாங்கும் என்பது கையில் வந்துவிடும்.

நான் பார்த்த சிஐஎஸ் ஸ்கேனரில் முதல் சென்டிமீட்டர் கத்தி போலக் கூர்மை. 15ஐத் தாண்டியதும் கோடுகள் சாம்பல் நிறமாகிவிட்டன, 30க்கு வரும்போது தனித்தனிக் கோடே இல்லை, வெறும் சாம்பல் பட்டை. வெளிச்சமும் கூடவே இறங்கியது, ஏனென்றால் அதன் விளக்கும் கண்ணாடி மட்டத்தைக் குறிவைத்துத்தான் அடிக்கிறது. சிசிடியில் 60 வரை, அதாவது 4 மி.மீ. உயரம் வரை, கோடுகளை உட்கார்ந்து எண்ண முடிந்தது. அதற்கு மேலும் எழுத்துகள் தெரிந்தன, ஆனால் கூர்மை மெல்லக் குறைந்தது. ஸ்லாப்புக்கும் தடித்த கார்டுக்கும் எது வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மாடல் பெயர் தெரிந்தால் உதவும் என்பவர்களுக்கு: எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39, கேனன் லைடு 300, லைடு 400 இவை சிஐஎஸ். எப்சன் வி600, வி850 இவை சிசிடி. பிரின்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிஐஎஸ். எந்த மாடலாக இருந்தாலும் விவரப் பட்டியலில் சென்சார் வகை என்று ஒரு வரி இருக்கும். டிபிஐக்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சிஐஎஸ் என்றால் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். தட்டையான, ஃபாயில் இல்லாத கார்டு மட்டுமே வைத்திருப்பவருக்கு அது அருமையான கருவி. கண்ணாடியைத் தொடும் கார்டில் அதன் கூர்மை பல சிசிடிகளைத் தோற்கடிக்கும். விலை குறைவு, இடம் அடைக்காது, சூடேறும் வரை காத்திருக்க வேண்டாம். அதில் ஒரு சின்னக் கோளாறு மட்டும் உண்டு. சிஐஎஸ் விளக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னும். சென்சார் நகர்ந்துகொண்டே இருப்பதால் மூன்று நிறமும் மயிரிழை தள்ளித் தள்ளி விழும். கறுப்பு எழுத்தின் மேல் ஓரத்தில் சிவப்போ நீலமோ மெல்லிய கோடாகத் தெரிந்தால் காரணம் இதுதான். சாதாரண அளவில் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாது, பெரிதாக்கினால் தெரியும்.

எத்தனை டிபிஐ

சரி, இனி டிபிஐக்கு வரலாம். 2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம் என்ற கார்டை 300 டிபிஐயில் எடுத்தால் 750க்கு 1050 பிக்சல். 600இல் 1500க்கு 2100. 1200இல் 3000க்கு 4200, அதாவது 1.26 கோடி பிக்சல், சுருக்காமல் சேமித்தால் கார்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 38 எம்.பி. 4800இல் இதன் 16 மடங்கு. ஒரு கார்டுக்கு 600 எம்.பி. கோப்பை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. அதுவும் பெட்டியில் போட்ட எண் அளவுக்கு நுணுக்கம் உண்மையில் பிரிந்து தெரிவதில்லை. சென்சாரில் அத்தனை புள்ளிகள் இருக்கலாம், முன்னால் இருக்கும் லென்ஸ் அவ்வளவு பிரித்துத் தராது. ‘இன்டர்போலேட்டட்’ என்று இன்னும் பெரிய எண் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம், அது மென்பொருள் இட்டு நிரப்பும் பிக்சல்.

என் முடிவு: எல்லாக் கார்டுக்கும் 600, சந்தேகம் வரும் கார்டுக்கு மட்டும் 1200.

ஏன் 300 போதாது? கார்டுகள் ஆஃப்செட் அச்சில் நாலு நிறப் புள்ளிகளாக அச்சாகின்றன. அங்குலத்துக்கு 150 முதல் 175 வரிசைப் புள்ளிகள் சாதாரணம். 300 டிபிஐ என்பது அந்தப் புள்ளிக்கட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். இரண்டு கட்டங்களும் ஒன்றோடொன்று மோதி, முகத்திலும் வானத்திலும் அலையலையாகக் கோலம் விழும். மோய்ரே என்பார்கள். ஸ்கேனர் மென்பொருளில் இதற்கென்று ‘டிஸ்கிரீன்’ என்ற ஒரு வசதி இருக்கும். அது கோலத்தை அழிக்கும், கூடவே ஓவியத்தின் மெல்லிய கோடுகளையும் அழிக்கும். அதைவிட 600இல் எடுத்து, பிறகு படத் திருத்தியில் பாதியாகச் சுருக்குவது நல்லது. புள்ளிகள் ஒன்றில் ஒன்று கலந்து நிறம் சீராகும், கோடு அழியாது. சுருக்கும்போது பைகியூபிக் அல்லது லாங்சோஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

1200இன் பயன் வேறு. அதில் அச்சுப் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியும். நாலு நிறப் புள்ளிகளும் பூப்போலச் சுற்றி நிற்கும் ரோசெட் அமைப்பைப் பார்க்கலாம். முக்கியமாக, கறுப்பு எழுத்துகள். பல அசல் விளையாட்டுக் கார்டுகளில் எழுத்து தனிக் கறுப்புத் தகட்டில் கெட்டியாக அச்சாகியிருக்கும், ஓரம் வெட்டியது போல இருக்கும். அசல் கார்டை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்த போலியில் எழுத்தும் நிறப் புள்ளிகளால் ஆகியிருக்கும், ஓரம் பிசிறடிக்கும். பூதக்கண்ணாடியில் பார்ப்பதை இப்படிப் படமாக எடுத்து, உறுதியாக அசல் என்று தெரிந்த கார்டின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. இதற்காகவே 1200 நன்றாகப் பிரியும் ஸ்கேனர் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

ஃபாயில் எனும் தலைவலி

ஸ்கேனரில் ஃபாயில் கார்டு ஏன் கறுத்துப்போகிறது என்று கேட்காத சேகரிப்பாளர் இருக்க மாட்டார். ஸ்கேனர் விளக்கு கார்டின் மேல் சாய்வாக விழுகிறது, சென்சார் நேராகப் பார்க்கிறது. காகிதம் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் ஒரு பங்கு சென்சாருக்கு வந்துசேரும். ஃபாயில் அப்படிச் சிதறடிக்காது. விழுந்த ஒளியை மறுபக்கம் சாய்வாகவே அனுப்பிவிடும். சென்சாருக்கு எதுவும் வராது, படத்தில் கறுப்பு.

வானவில் நிறம் காட்டும் ஹோலோ ஃபாயிலில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதில் மிக நெருக்கமான வரிப்பள்ளங்கள் உண்டு. ஒளி அந்த வரிகளுக்குக் குறுக்காக வந்தால் வானவில்லாக விரிந்து ஒரு பகுதி நேராக மேலேயும் போகும். வரிகளின் நீளவாக்கில் வந்தால் விரிவது பக்கவாட்டில், சென்சாருக்கு எட்டாது. ஸ்கேனர் விளக்கு எப்போதும் சென்சார் நகரும் திசையிலிருந்துதான் அடிக்கிறது என்பதால், கார்டை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஒரு ஃபாயில் கார்டை நிமிர்ந்தவாக்கில் ஒரு தடவை, 90 பாகை திருப்பி ஒரு தடவை ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கார்டா என்று தோன்றும். என்னிடம் உள்ள ஒரு டிராகன் கார்டில், நிமிர்ந்து எடுத்தபோது பின்னணி முழுக்க மங்கிய பழுப்பு. திருப்பி எடுத்தபோது அதே பின்னணியில் பச்சையும் ஊதாவும் பட்டை பட்டையாக எழும்பி வந்தன, ஆனால் டிராகனின் இறக்கையில் இருந்த பொடிப்புள்ளி மினுமினுப்பு காணாமல் போனது.

இங்கேயும் சென்சார் வகை பேசுகிறது. சிசிடியில் விளக்கு வெள்ளை ஒளி, அதனால் வானவில் ஓரளவு தொடர்ச்சியாக, கண் பார்ப்பது போல விழும். சிஐஎஸ்ஸில் மூன்று தனி நிறங்கள் மட்டுமே இருப்பதால் ஃபாயிலில் சிவப்புத் திட்டு, பச்சைத் திட்டு, நீலத் திட்டு என்று துண்டு துண்டாக நிற்கும். வளைந்த ஃபாயிலாக இருந்தால் ஓரக் கலங்கலும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு திசைப் படங்களையும் ஒன்றாக்கலாம். ஜிம்ப் என்ற படத் திருத்தியில் ஒன்றன் மேல் ஒன்றை அடுக்காக வைத்து, திருப்பியதை நேராக்கி, மூலைகளைப் பொருத்தி, மேல் அடுக்கை ‘லைட்டன்’ வகைக்கு மாற்றினால் இரண்டிலும் வெளிச்சமானது மட்டும் மிஞ்சும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எந்தக் கோணத்திலும் யாருடைய கண்ணுக்கும் கிடைக்காத காட்சி. என் பட்டியலுக்கு அழகுக்காக வைத்துக்கொள்கிறேன். கார்டை விற்கவோ மாற்றவோ காட்டும்போது ஒட்டுப்போடாத ஸ்கேனைத்தான் கொடுக்கிறேன், கூடவே கையில் சாய்த்துப் பிடித்து எடுத்த ஒரு போன் படம். வாங்குபவர் நம்பிக் கேட்கிற இடத்தில் ஒட்டுப்படத்துக்கு வேலை இல்லை.

தாள் இழுக்கும் ஸ்கேனர்களைப் பற்றியும் கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் கார்டு வைத்திருக்கும் வியாபாரிகள் ரிக்கோ எஃப்ஐ-8170 போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 600 டிபிஐ வரை போகும், இரண்டு பக்கத்தையும் ஒரே இழுப்பில் எடுக்கும், நிமிடத்துக்குப் பல டஜன் கார்டு. மலிவான கார்டுகளின் கணக்கெடுப்புக்கு அது சரி. உருளைகள் கார்டின் முகத்தைப் பிடித்து இழுக்கின்றன என்பது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. சென்சார் அசையாமல் கார்டு நகர்வதால், ஒரே ஒரு தூசி கண்ணாடியில் உட்கார்ந்தாலும் கார்டின் நீளத்துக்கும் கோடு இழுத்துவிடும். அப்படியே வாங்குவதாக இருந்தாலும் தாள் நேராகப் போய் நேராக வெளியே வரும் வகையாகப் பாருங்கள். உள்ளே வளைந்து திரும்பும் வகை கார்டை மடக்கிவிடும்.

வாங்கியதும் பார்த்ததும்

கடைசியில் நான் எடுத்தது ஒருவர் பயன்படுத்திய சிசிடி பிளாட்பெட். பழையது வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, கண்ணாடியின் அடிப்பக்கம். பல வருடம் ஓடியதில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஆவி படிந்து கண்ணாடி புகைமூட்டமாக இருக்கும். மேலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது, படத்தில் கறுப்பு எல்லாம் சாம்பலாகத் தெரியும். இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, கறுப்புத் தாள் ஒன்றைப் பரப்பி ஸ்கேன் செய்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நேர்கோடு ஓடினால், தூசி இருப்பது பெரும்பாலும் கண்ணாடியின் தொடக்கத்தில், ஸ்கேனர் தன்னைத்தானே அளந்துகொள்ளும் பட்டையில். அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் கோடு போய்விடும். போகாவிட்டால் கோளாறு உள்ளே. மூன்றாவது, போக்குவரத்துப் பூட்டு. சில மாடல்களில் சென்சார் வண்டியை நகராமல் பூட்டும் திருகு அடியில் இருக்கும். அதைத் திறக்காமல் ஓட்டினால் பல் சக்கரம் கடகடவென்று அலறும்.

ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் விஷயம் தனி. இயந்திரம் நன்றாக இருக்கும், தயாரித்த நிறுவனம் புதிய இயங்குதளத்துக்கு டிரைவர் கொடுப்பதை நிறுத்தியிருக்கும். அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம். வியூஸ்கேன் என்ற மென்பொருள் ஆயிரக்கணக்கான பழைய மாடல்களைத் தானே ஓட்டும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு சேன் (SANE) என்ற மென்பொருள் இருக்கிறது. வாங்குவதற்கு முன் இரண்டின் ஆதரவுப் பட்டியலிலும் உங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

வந்த கையோடு கண்ணாடியைத் துடைத்தேன். திரவத்தை நேராகக் கண்ணாடியில் தெளிக்கக் கூடாது, ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் நனைத்துத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை. அப்புறம் காற்றுப் பந்தால் ஊதல்.

அடுத்தது கார்டுகளை வரிசையாக வைக்க ஒரு சட்டம். ஏ4 கண்ணாடி சுமார் 216க்கு 297 மி.மீ. கார்டு 63க்கு 88. மூன்று வரிசையில் மூன்று மூன்றாக ஒன்பது கார்டு வைத்தால் அகலத்தில் 189, நீளத்தில் 264, சுற்றிலும் விரலால் எடுக்க இடைவெளியும் மிஞ்சும். மெல்லிய கறுப்பு அட்டையில் 65க்கு 90 அளவில் ஒன்பது சன்னல்கள் வெட்டிக் கண்ணாடி மேல் வைத்தேன். கார்டுகள் சாயாமல் நேராக நிற்கின்றன, ஒவ்வொன்றும் எப்போதும் அதே இடத்தில் விழுவதால் ஒன்பது துண்டாக வெட்டும் வேலையை மென்பொருளிடம் ஒப்படைக்க முடிகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், கார்டைக் கண்ணாடியில் இழுத்து நகர்த்த வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ஃபாயில் முகத்தில் மயிரிழைக் கீறல் விழுவது அந்த இழுப்பில்தான். எடுக்கும்போதும் நகத்தால் நெம்பாமல், ஸ்கேன் முடிந்த பிறகு ஒரு மெல்லிய காகித நாடாவைக் கார்டின் அடியில் செருகி அதைப் பிடித்துத் தூக்குங்கள். 

மூடியின் வெள்ளைப் பின்னணியை அப்படியே விடக் கூடாது. வெள்ளை ஓரக் கார்டின் விளிம்பு அதில் கரைந்துவிடும். மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரத்தில் நிறம் உதிர்ந்து வெண்மை தெரிகிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேனே செய்கிறோம். அதற்கு மங்கிய கறுப்புத் தாள். கறுப்பு ஓரக் கார்டுகளுக்கு வெளிர் சாம்பல் தாள். இரண்டையும் மூடிக்கு அளவாக வெட்டி வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிச் செருகலாம். வளைந்த ஃபாயில்களுக்கு மேலே ஒரு தட்டையான கனமான புத்தகத்தை வைத்து மூடியை அழுத்துவேன். அளவுக்கு மீறி அழுத்தினால் பளபளப்பான கார்டும் கண்ணாடியும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் வானவில் வளையங்கள் தோன்றும். நியூட்டன் வளையம் என்பது இதுதான். கனத்தைக் கொஞ்சம் குறைத்தால் மறைந்துவிடும். சிசிடி என்பதால் கார்டு துளி எழும்பி நின்றாலும் கவலை இல்லை.

மென்பொருளில் செய்த முதல் வேலை, தானாகச் செய்யும் எல்லாவற்றையும் அணைத்தது. தானியங்கி வெளிச்சம், நிறம் மீட்பு, தூசி நீக்கம், கூர்மையூட்டல், எல்லாம். தூசி நீக்கம் கார்டில் இருக்கும் உண்மையான வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று நினைத்து அழிக்கும். தானியங்கி வெளிச்சம் இருண்ட கார்டை வெளுக்கவைக்கும், அடுத்த கார்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரே கார்டின் இரண்டு பிரதிகளை ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டும் ஒரே அமைப்பில் எடுத்திருக்க வேண்டும். நிற அட்டை ஒன்றை, அதாவது அச்சான சாம்பல் படிகளும் நிறக் கட்டங்களும் உள்ள அளவுகோலை, ஒரு தடவை ஸ்கேன் செய்து கறுப்பு, வெள்ளை எல்லைகளைக் கையால் நிர்ணயித்துச் சேமித்துவிட்டேன். நிற வெளி எஸ்ஆர்ஜிபி, வெளிச்ச ஏற்றத்தைக் குறிக்கும் காமா 2.2. அதன் பிறகு தொடவே இல்லை. ஐடி8 என்ற தரப்படுத்திய நிற அட்டை வைத்திருப்பவர்கள் தங்கள் ஸ்கேனருக்கான முழு நிறத் திருத்தக் கோப்பையே (புரொஃபைல்) உருவாக்கலாம், இன்னும் நல்லது.

மூலக் கோப்பை, தரம் குறையாத டிஃப் வடிவில் சேமிக்கிறேன். அனுப்பும் பிரதிதான் ஜேபெக். அதைச் சேமிக்கும்போது நிறத் தகவலைக் குறைக்கும் ‘சப்சாம்ப்ளிங்’கை அணைத்துவிடுங்கள். சிவப்பு எழுத்தின் ஓரம் கரைவதற்கு அதுதான் காரணம். கூர்மையூட்டுவது சுருக்கிய பிறகு, லேசாக.

கார்டில் படம் நடுவாக அச்சாகியிருக்கிறதா என்று ஸ்கேனில் அளப்பது சுகமான வேலை. 600 டிபிஐயில் இடது ஓரம் 57 பிக்சல், வலது ஓரம் 85 என்றால் மொத்தம் 142, விகிதம் 40க்கு 60. போன் படத்தில் இப்படி அளந்தால் கோணம் துளி சாய்ந்திருந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். மூலை, ஓரம், நடு, அச்சுக் கோடு இவற்றுக்கு ஸ்கேன் நம்பகமானது. மேற்பரப்புக் கீறலுக்கு மட்டும் நம்ப முடியாது. விளக்கின் திசையிலேயே ஓடும் கீறல் படத்தில் விழாது. அதனால் நல்ல கார்டுகளை 90 பாகை திருப்பி இரண்டாவது படம் எடுத்துவிடுகிறேன், ஃபாயிலாக இல்லாவிட்டாலும்.

ஸ்லாப்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஒவ்வொன்றாகத்தான். முதலில் பெட்டியின் முகத்தை மைக்ரோஃபைபரால் துடைக்க வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் கைரேகையும் உராய்வும் கூர்மையாகவே விழும். ஸ்லாப்பைக் கண்ணாடியின் நடுக்கோட்டில் வைக்கிறேன். சிசிடியின் லென்ஸ் நடுவிலிருந்து பார்ப்பதால், ஓரத்தில் வைத்தால் பெட்டியின் உட்சுவர் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும். அதே காரணத்தால் எழும்பி நிற்கும் கார்டு அகலவாக்கில் இம்மி சின்னதாகத் தெரியும், சென்சார் நகரும் திசையில் அளவு மாறாது. இடது வலது விகிதத்தை இது பாதிக்காது, ஆனால் ஸ்லாப்புக்குள் இருக்கும் கார்டின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஓரம் வெட்டப்பட்டதா என்று முடிவு கட்ட இந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது. மூடியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றிவிட்டுக் கறுப்புத் துணியைப் போர்த்துங்கள், சாய்வாக மூடி நிற்பதைவிட வெளிச்சக் கசிவு குறைவு. விளக்கு சாய்வாக அடிப்பதால் பிளாஸ்டிக்கில் பிரதிபலிப்பே இருக்காது. ஸ்லாப்பை கேமராவில் எடுக்க முயன்று, தன் முகமே அதில் தெரிவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஸ்லாப் படங்களுக்குக் கோப்புப் பெயராக லேபிளில் இருக்கும் சான்றிதழ் எண்ணையே கொடுக்கிறேன், கூடவே முன், பின் என்று ஒரு குறி. வெளியே அனுப்பும் பிரதியில் அந்த எண்ணையும் பார்கோடையும் மறைத்துவிடுகிறேன், பெயரையும் மாற்றிவிடுகிறேன். அசல் எண்ணைப் பார்த்துப் போலி லேபிள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்க நினைப்பவர் கேட்டால் அவருக்கு மட்டும் முழுப் படம் போகும்.